விட்டமின் போட்ட வட்டம்

அக்காவுக்கு மூன்றாவது தடவையும் காய்ச்சல் திரும்பியபோது எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். சிறுநீரில் கிருமி, மேலே கிட்னிவரை ஏறிவிட்டது என்று சொல்லி மாத்திரை கொடுப்பார்கள். போடுவாள். காய்ச்சல் விட்டதும் கடுகண்ணாவைக்கு ஓடிப்போய்த் தன் கோழிக்கூட்டுக்குள் நுழைந்துகொள்வாள். கொஞ்ச நாளில் மறுபடி குளிரில் நடுங்கிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்கு வருவாள். "மாத்திரைய முழுசா முடிச்சியா இல்லியா?" என்று கத்தினால், "வெறும் அட்டை வீட்டுல கெடக்கு, வந்து எண்ணிப் பாருடி" என்பாள். இந்தத் தடவை வார்டில் அவள் முகமே ஊதிக் கிடந்தது. ஒரு கிட்னி கெட்டுப்போகலாம் என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நான் கண்டி டவுனில் இரத்தம், சிறுநீர் சோதிக்கும் ஒரு லெப்பில் கிருமி வளர்க்கிறேன். அதுதான் என் பிழைப்பு. சொன்னால் ஆட்கள் முகத்தைச் சுளிப்பார்கள், எனக்கோ அதைப்போல ருசியான வேலை வேறில்லை. வட்டமான தட்டு ஒன்றில் கிருமியைப் பூச வேண்டும். வெவ்வேறு மருந்தில் நனைத்த சின்னச் சின்னக் கடதாசிப் பொட்டுகளை அதன்மேல் வைத்து, ஒரு நாள் சூட்டில் விட வேண்டும். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். வேலை செய்யும் மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி வளராமல், தெளிவாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். வேலை செய்யாத மருந்தின் பொட்டை ஒட்டியே அது சொந்த வீடுபோலக் குடியிருக்கும்.

அக்காவின் சிறுநீரையும் வார்டிலிருந்து வாங்கிவந்து தட்டில் போட்டேன். அதைத் திறக்க வேண்டிய காலையில் பஸ் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. டிரைவரை மனசுக்குள் ஏசித் தீர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் பொட்டில் வட்டமில்லை. அடுத்ததிலும் இல்லை. அவள் ஒழுங்காகப் போட்டுத் தீர்த்த மாத்திரையின் பொட்டைச் சுற்றிக் கிருமி கும்மென்று வளர்ந்திருந்தது. பாவி மகளை வீணாகத் திட்டியிருக்கிறேன். தட்டைத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஓரத்தில் ஒரே ஒரு பொட்டு. அதைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு பெரிய வட்டம்! நான் போட்ட சத்தத்தில் எங்கள் லெப்புக்குப் பொறுப்பான சேர் தேத்தண்ணியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

சேரும் பார்த்தார், அளந்தார், அவரே வார்டுக்குப் போன் பண்ணினார். மருந்தை மாற்றி நரம்பு வழியாக ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்க இறங்க எனக்குத் தலைகால் புரியவில்லை. வார்டில் எல்லாருக்கும் பழம் வாங்கிக் கொடுத்தேன்.

"சரி, இவ்வளவு முரட்டுக் கிருமி எங்கயிருந்து வந்திச்சு? அக்கா என்ன செய்றாங்க?" என்று கேட்டார் சேர். புரொய்லர் கோழி வளர்க்கிறாள் என்றேன். அவர் புருவம் மேலே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோழிக்குத் தீனி போட நான்தான் போனேன். படுக்கையில் இருந்தபடியே அக்கா போனில் அதிகாரம் பண்ணினாள். "மஞ்சள் வாளியில தண்ணி புடி. பையில விட்டமின் இருக்கு, ஒரு கரண்டி போடு. கையவுட்டு நல்லா கலக்குடி, இல்லாட்டி அடியில தங்கிரும்." குஞ்சு கொண்டுவந்து கொடுக்கும் ஆள் ஒவ்வொரு பெட்டியோடும் இப்படி ஒரு பை கொடுப்பார். மேலே ஓர் எழுத்துக் கிடையாது, ரப்பர் வளையம் போட்டிருக்கும். அந்தப் பக்கம் கோழி வளர்க்கிற எல்லாரும் முதல் நாளிலிருந்தே இதைத் தண்ணீரில் கலக்கிறார்கள். அக்கா தினமும் முழங்கைவரை கலக்குவாள், பாவாடையில் துடைப்பாள், அதே கையோடு குழாயடியில் கோழி உரித்துச் சுத்தம் பண்ணுவாள். நானும் கையை விட்டேன். முகத்தில் தெறித்த ஒரு துளி உதட்டில் பட்டது. கடுங்கசப்பு. எந்த விட்டமின் இப்படிக் கசக்கும்?

கொஞ்சம் தூளையும், பிரிட்ஜில் அவள் வைத்திருந்த கோழியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு லெப்புக்கு வந்தேன். தூளைக் கரைத்து வெறும் கடதாசிப் பொட்டில் நனைத்தேன். எந்த மருந்துக்கும் சாகிற சாதுவான கிருமி ஒன்று பரிசோதனைக்கென்றே எங்களிடம் இருக்கும். அதன் தட்டில் ஒரு பொட்டு, அக்காவின் கிருமி பூசிய தட்டில் ஒரு பொட்டு. மறுநாள் சேரும் நானும் தலையோடு தலை முட்டிக்கொண்டு குனிந்தோம். சாதுக் கிருமியின் தட்டில் வட்டம் விழுந்திருந்தது. விட்டமின் வட்டம் போடாது. அது அன்டிபயோட்டிக். அக்காவின் கிருமியோ அந்தப் பொட்டைச் சட்டை பண்ணவேயில்லை. அடுத்து கோழித் துண்டில் வளர்ந்த கிருமியைச் சோதித்தோம். அதே மருந்துகளுக்கு வட்டமில்லை, அதே ஒன்றுக்கு மட்டும் வட்டம்.

"தெனமும் அன்டிபயோட்டிக் குடுத்தா அதுக்குச் சாகாத கிருமிதான் கூட்டுல மிஞ்சும். ஆனா அங்கயிருந்துதான் வந்திச்சுன்னு சத்தியம் பண்ண ஏலாது. அதுக்கு ஜீன் பார்க்கணும்" என்றார் சேர். சொல்லும்போது அவர் குரலும் பரபரத்தது.

வார்டுக்குப் போய்த் தட்டுகளின் படத்தைப் போனில் காட்டினேன். அக்கா ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களான்னு டொக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்டாரு. இல்லைன்னேன்டி. இது கோழிக்கு, அதும் விட்டமினு." பிறகு அந்தப் பெரிய வட்டத்தில் விரலை வைத்தாள். "இந்த வட்டமும் போச்சுன்னா, வேற மருந்து?"

நான் போனை வாங்கிப் பைக்குள் வைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா வீடு திரும்பியதும் புதுக் குஞ்சு வந்தது, கூடவே பையும். நானும் நின்றிருந்தேன். "ஒரு கரண்டி நீங்க குடிங்க, அப்புறம் நான் கலக்குறேன்" என்றாள் அக்கா. குஞ்சு கொண்டுவந்த ஆள் சிரித்து மழுப்பினார். "குஞ்சு செத்தா என்னைய ஏசக் கூடாது" என்று பையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அக்கா கூட்டுத் தரையில் கிடந்த பழைய உமியையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டுப் புது உமி பரப்பினாள். குழாயடியில் சோப்பு கட்டித் தொங்கவிட்டாள்.

அந்த வாரமே லெப்புக்குப் போன் பண்ணினாள். குரல் உடைந்திருந்தது.

"குஞ்சு சாகுதுடி."

மறுபடி அந்தப் பையைக் கேட்டு வாங்கிவிடுவாளோ? "நெறையவா?"

"கொஞ்சந்தான். மிச்சம் ஓடித் திரியுது."

"காய்ச்சல்?"

"குஞ்சுக்கா?"

"உனக்குக்கா!"

"எனக்கு ஒண்ணுமில்ல." மூக்கை உறிஞ்சினாள். கூட்டுக்குள்தான் நின்றிருப்பாள், பின்னால் கீச்கீச்சென்று ஒரே சத்தம். "மிருக வைத்தியர வரச் சொல்லியிருக்கேன். அவரு பாத்து எதச் சொல்றாரோ அதுதான் குடுப்பேன். மஞ்சள் வாளியக் கழுவிக் கவுத்துட்டேன்." "அந்த ஒரு வட்டம் இன்னும் இருக்குல்ல?"

"இருக்குக்கா," என்றேன். "இருக்கு."