விரல் முளைத்த பாம்பு

கிளியனூரைத் தாண்டி, பாண்டிச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இங்கே ஒருவர் செத்துப்போனால் மேளத்துக்குச் சொல்லியனுப்புவதற்கு முன்பே வெள்ளையம்மாளுக்குச் சொல்லியனுப்புவார்கள். அவள் வந்து ஒப்பாரி வைத்தால்தான் செத்தவருக்கு மரியாதை. ஒரு வாய்க் கஞ்சிக்கு அல்லாடிச் செத்த கிழவனைக்கூட ‘ஊருக்கே படியளந்த மகராசா’ என்று அவள் பாடுவாள். கஞ்சி ஊற்றாத பிள்ளைகள் அதை உண்மையென்றே நம்பி மீசையைத் தடவிக்கொள்வார்கள்.

வெள்ளையம்மாள் பிறந்தது அனந்தபுரம். இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். கிணறு வெட்டும்போது மண் சரிந்து புருஷன் போய்விட, துண்டு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு ஒரே மகள் அம்சாவை வளர்த்தாள். அந்த அம்சாவை கெங்கம்மாள் வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். மாடி வீடு, பம்ப்செட்டு, டிராக்டர்! இளைய பிள்ளை வேங்கடேசனுக்குக் கட்டிக் கொடுத்தாள். அடித்தது யோகம் என்று ஊரே வயிறெரிந்தது.

அந்த வீட்டு மூத்த பிள்ளை சீனுவாசன் நல்லவன். நான் சொல்லவில்லை, ஊர் சொன்னது. பாண்டிச்சேரி எல்லைவரை போய்க் குடித்துவிட்டு வந்தாலும் தெருவில் ஒருத்தரை ஒரு வார்த்தை சொல்லமாட்டான். எல்லாவற்றையும் பத்திரமாக வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பொண்டாட்டிக்கென்றே வைத்துக்கொள்வான். அவ்வளவு ஒழுக்கம்! பொண்டாட்டி காந்திமதியும் அனந்தபுரத்துப் பெண்தான், ஊர் முறையில் வெள்ளையம்மாளை அத்தை என்பாள். அவள் அலறுகிற சத்தம் கேட்டால் பக்கத்து வீடுகளில் ரேடியோவைத் திருகிச் சத்தத்தைக் கூட்டுவார்கள். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தில் அந்நியர் தலையிடலாமா? நாகரிகம் தெரிந்த ஊர் இது.

எண்பத்து நாலாம் வருஷம், மல்லாட்டை பிடுங்குகிற சமயம், ஒரு விடியற்காலையில் காந்திமதி செத்துக் கிடந்தாள். தோட்டத்துப் பக்கம் போனவளைப் பாம்பு கடித்துவிட்டது என்றாள் மாமியார் கெங்கம்மாள்.

வாழ்க்கைப்பட்ட பெண் செத்தால் பிறந்த வீட்டார் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், அவர்கள் கொண்டுவரும் கோடிச் சேலையைப் போர்த்த வேண்டும். அதற்கப்புறம்தான் பிணம் வாசலைத் தாண்டும். ஆனால் வெள்ளையம்மாள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாமியாரே குளிப்பாட்டி, மாமியாரே புதுச் சேலை சுற்றியிருந்தாள். அதுவும் தாடை வரைக்கும் இழுத்து இழுத்துச் சுற்றி! உயிரோடிருந்தபோது கிழிசலில் விட்ட மருமகள் மேல் திடீரென்று எவ்வளவு அக்கறை!

“இன்னா சம்பந்தி இவ்ளோ ஜல்தி? பொறந்த வூட்டுத் தண்ணி ஊத்தாம எங்கனா பொணம் எடுப்பாங்களா?” என்றாள் வெள்ளையம்மாள்.

“வெஷம் ஏறுன ஒடம்பு. அனந்தபுரத்துலர்ந்து அவுங்க வர்ற வரைக்கும் தாங்காது” என்றாள் கெங்கம்மாள்.

“அவுங்க வர்ற வரைக்கும் நாந்தான் அனந்தபுரம். நவுரு, நான் ஊத்துறேன்.”

போலீஸைக் கூப்பிடு என்று அவள் சொல்லியிருந்தால் நாலு ஆம்பிளைகள் சேர்ந்து விரட்டியிருப்பார்கள். பிறந்த வீட்டுத் தண்ணீரை யார் தடுப்பது? நாளைக்கு நம் வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வருமா? கெங்கம்மாள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஓலை மறைப்புக்குள் வெள்ளையம்மாள் சேலையைப் பிரித்தாள். பார்த்தாள். கத்தியிருந்தால் வாயைப் பொத்தியிருப்பார்கள். அவள் கத்தவில்லை, மாரில் அடித்துக்கொண்டு பாடினாள்.

“மஞ்சத் தண்ணி மொண்டு வந்து
கண்ணே நான் ஊத்தையிலே
கழுத்தச் சுத்திக் கன்னிப்போயி
கைவிரலு தெரியுதடி!
பாம்பு கடிச்சதுன்னு
பந்தலிலே சொன்னாங்களே,
பாம்புக்கு விரல் முளைச்சது
எந்த ஊரு அதிசயமோ!”

எழவு வீட்டில் அழுகிறவளை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாயில்லை. திரும்பத் திரும்பப் பாடினாள். காந்திமதியின் அண்ணன் பச்சைமுத்து கோடிச் சேலையோடு தெருமுனைக்கு வந்தபோது அந்தப் பாட்டுதான் அவனை எதிர்கொண்டது. நின்று கேட்டான். வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல் அப்படியே திரும்பிப் போலீஸுக்கு ஓடினான். தங்கைக்குப் போர்த்த வேண்டிய சேலை ஸ்டேஷன் பெஞ்சில் கிடந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பிணம் திண்டிவனத்துக்குப் போனது. கழுத்தை நெரித்திருக்கிறது, விலா எலும்பு முறிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதினார். வீட்டில் எல்லாரையும் போலீஸ் விசாரித்தது, அம்சாவைத் தவிர. அவளுக்கு வாய் திறக்க முடியாத காய்ச்சலாம். அந்தக் காய்ச்சல் ரெண்டு வருஷம் விடவில்லை. பொங்கலுக்குக்கூட அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை.

சீனுவாசன் மேல் போட்ட கேஸ் திண்டிவனம் கோர்ட்டிலிருந்து விழுப்புரம் செஷன்ஸுக்கு வந்து, ஒருவழியாக விசாரணைக்கு எடுத்தார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியதும் எங்கள் ஊருக்கே காது போய்விட்டது. நிலத்தில் அடுத்தவன் ஆடு கால் வைத்தாலே தூக்கத்திலிருந்து குதித்தெழும் அடுத்த வீட்டு முத்துசாமி, “அசந்து தூங்கிட்டேங்க” என்றார். மாரடித்த பெண்கள், “அழுத அழுவையில பாட்டு காதுல வுழலீங்க” என்றார்கள். வேங்கடேசன், “ரூம சாத்திக்கினு படுத்துட்டோம், எதுவும் தெரியாதுங்க” என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு ஊரே இலை போட்டு உட்கார்ந்தது!

மிச்சம் வெள்ளையம்மாள். அவள் முறை வருவதற்கு முந்தின நாள் கெங்கம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்தாள்.

“சம்பந்தி, உம் பொண்ணு எங்க வூட்டுலதான் கீறா. அத மனசுல வெச்சிக்கினு பேசு.”

அவள் பின்னாலேயே ஊரும் வந்தது. “செத்தவ திரும்பி வரப்போறாளா? நீ வாயத் தொறந்தா உம் பொண்ணு வாழாவெட்டி. தேவையா உனுக்கு இந்தப் பேஜாரு?” யோசனை சொல்ல மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே கிடையாது. வெள்ளையம்மாள் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்கவில்லை.

விழுப்புரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அவளைச் சிரித்த முகமாகவே கேட்டார்.

“ஏம்மா, ஒப்பாரியில இல்லாததும் பொல்லாததும் பாடறது வழக்கந்தானே?”

“ஆமாங்க.”

“தங்கத் தேருன்னு பாடுவீங்க. செத்தவ தங்கத் தேரா?”

“இல்லீங்க.”

“அப்ப விரல் அடையாளமும் அப்படித்தானே?”

கோர்ட்டில் சிரிப்பு. “தேருன்னு பாடுனது ஆசைங்க. இது கண்ணால பாத்ததுங்க” என்றாள். வக்கீல் அப்போதும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று எண்ணிக்கொண்டுதான் அவள் கூண்டைவிட்டு இறங்கினாள், பாவம். மறு மாசம் தீர்ப்பு வந்தது. டாக்டர் எழுதியதும் அவள் சொன்னதும் ஒத்துப்போகிறது என்று ஜட்ஜ் எழுதியிருந்தார். சீனுவாசனுக்கு ஆயுள்.

ஆனால் தீர்ப்பு வரட்டும் என்று அவள் உட்கார்ந்திருக்கவில்லை. சாட்சி சொன்ன அன்றைக்கே திண்டிவனத்தில் பஸ் மாறி, பொழுது சாய ஊரில் இறங்கி, தன் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் அந்தத் தெருவில்தான் இருந்தேன், தெருவே இருந்தது. வேடிக்கை என்றால் எங்களுக்குக் காது, கண் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

“அம்சா, பொட்டிய எடுத்துக்கினு வா.”

வேங்கடேசன் முன்னால் வந்தான். “நானு உங்க பொண்ண ஒரு அடி அடிச்சிருப்பனா அத்த? அவளையே கேளுங்க.”

“அவரு அடிச்சதில்லம்மா” என்றாள் அம்சா. அது பொய்யில்லை.

“அத வுடு. அன்னிக்கு காந்திமதி கத்துனாளே, நீ இன்னா பண்ண?”

அம்சா புருஷனைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். ரெண்டு வருஷத்துக் காய்ச்சல் அப்போதுதான் விட்டது.

“எழுந்து ஓடனேம்மா. இவரு தாப்பா போட்டுட்டு கதவுக்கு முன்னால நின்னுக்கினாரு. போவ வுடல. சத்தம் நிக்கிற வரைக்கும் நின்னுக்கினே இருந்தாரு.”

வெள்ளையம்மாள் மருமகனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“நாளைக்கு நீ கத்துனா அந்தத் தாப்பாவ யாருடி தொறப்பா?”

அம்சா உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. கெங்கம்மாளுக்குத் தாங்கவில்லை.

“பொண்ணப் பாக்க வர்றவ பூவு பழம்னு எதுனா எடுத்துக்கினு வருவா. வெறுங்கைய வீசிக்கினு வந்து வாழற பொண்ண இட்டுக்கினு போறியே, உனுக்கு வெக்கமா இல்ல?”

வெள்ளையம்மாள் ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

“கோடிச் சேல இல்லாம வந்துருக்கேன் பாரு சம்பந்தி. அதுக்கே நான் சாமிக்குப் பொங்க வெக்கணும்.”

அம்சா பெட்டியோடு வந்தாள். ஒரு பக்கத்துப் பிடியை வெள்ளையம்மாள் வாங்கிக்கொண்டாள்.