ஒளித்து வைத்த கால்

தில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு விழா நடந்ததற்கு அடுத்த வருஷம், கார்த்திகை மாதம். நான் அப்போது பாளையங்கோட்டையில் தபால் ரன்னர். தினமும் காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சீவலப்பேரி வரை ஓட வேண்டும். அங்கே ஆற்றங்கரையில் அடுத்த ரன்னர் காத்திருப்பார். என் பையை அவரிடம் கொடுத்து, அவர் கொண்டு வந்ததை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடி வருவேன். ஆறு வருஷமாக ஒருநாள்கூடத் தாமதம் கிடையாது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த மாதத் தொடக்கத்தில் என் இடது பாதத்தின் மேற்புறம் வீங்க ஆரம்பித்தது. முள் குத்தவில்லை, காயமும் இல்லை. காலையில் வடிந்திருக்கும்; ஓடிவிட்டு வந்தால் மறுபடி வீங்கிவிடும். புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்றுப் போட்டேன். கேட்கவில்லை.

எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. என் சித்தப்பாவுக்கு யானைக்கால். அவருக்கும் முதலில் இப்படித்தான் பாதத்தில் வீங்கியதாக வீட்டில் சொல்வார்கள். என் தங்கைக்குப் பேட்டையில் மாப்பிள்ளை பார்த்துப் பேச்சு முடிகிற சமயம் அது. அண்ணனுக்கும் அந்த வியாதி என்று தெரிந்தால் அவர்கள் வருவார்களா? ரன்னர் வேலைதான் நிற்குமா?

ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. ஆட்கள் போன பிறகுதான் ஆற்றில் குளித்தேன். சாப்பிடும்போது காலை வேட்டிக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன். மனைவி பக்கத்தில் வந்தால் எரிந்து விழுந்தேன். அவள் தன் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து, பேச்சையே குறைத்துக்கொண்டாள். சீவலப்பேரி ரன்னர் ஒருநாள், “ஏன் வே நொண்டுதீரு?” என்று கேட்டார். “உம்ம சோலியப் பாரும்” என்று சொல்லிவிட்டுப் பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன். என் வேலைக்கு ஆள் தேடுகிறார் என்றே நினைத்தேன்.

இப்படி மூன்று வாரம் ஓடினேன்.

அன்று மழை பெய்து விட்டிருந்தது. ஆற்றங்கரைக்கு இன்னும் ஒரு மைல்கூட இருக்காது. காலை ஊன்றினேன், பாதத்துக்குள் ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. அடுத்த அடி வைக்க முடியவில்லை. வயல் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தபால் நனையாமல் பையை மடியில் அணைத்துக்கொண்டேன். தவழ்ந்து போகலாமா என்றுகூடப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் எதிரே, ரன்னர்கள் ஈட்டியில் கட்டிக்கொள்கிற சலங்கையின் சத்தம் கேட்டது. சீவலப்பேரி ரன்னர்தான். நேரமாகியும் என்னைக் காணோம் என்று தேடி வந்திருந்தார். நான் அவசரமாகக் காலை மூடினேன். அவர் குனிந்து வேட்டியை விலக்கிப் பார்த்தார்.

“எத்தனை நாளா வே இப்படி இருக்கு?”

என்னால் அடக்க முடியவில்லை. “யானைக்கால்தான் வே. யார்ட்டயும் சொல்லிராதீரும்” என்று அழுதுவிட்டேன்.

அவர் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். வைக்கோல் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைப் பக்கம் போன ஒரு வண்டியை நிறுத்தி என்னைத் தூக்கி உட்கார வைத்தார். தன் பையை என் மடியில் வைத்தார். என் பையை அவர் தோளில் மாட்டிக்கொண்டார்.

“தபால் ரெண்டும் போய்ச் சேரட்டும். நீரு பையக் குடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போவணும். போவலைன்னா நாளைக்கு நானே உம்ம வீட்டுல வந்து சொல்லிருவேன், ஆமா.”

அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் போனேன். வண்டியில் வந்த என்னைத் தெருமுனையில் பார்த்துவிட்டு, குடத்தை அங்கேயே வைத்துவிட்டு மனைவியும் கூடவே வந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காயம் கட்டுகிறவர் முன்பு பர்மாவில் பட்டாளத்தோடு இருந்தவர். இரண்டு காலையும் நீட்டச் சொல்லி, விரலால் ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அழுத்தியதும் நான் அலறிவிட்டேன்.

“சமீபத்துல ஓட்டம் கூடுச்சா?” என்று கேட்டார்.

ஐப்பசி முழுவதும் இன்னொரு ரன்னருக்குக் காய்ச்சல். அவர் ஓட்டத்தையும் நான்தான் ஓடினேன், அதுவும் புதிதாகச் சரளைக்கல் போட்ட ரோட்டில். சொன்னேன்.

“அதான். பட்டாளத்துல நெடுந்தூரம் நடக்கவனுக்கெல்லாம் இது வரும். எலும்பு முதல்ல கீறும். அப்பயும் விடாம ஓடுனா ஒடிஞ்சிரும். ஒமக்கு ஒடிஞ்சிருக்கு.”

“அப்ப யானைக்கால் இல்லையா?”

“யானைக்காலா? அது இப்படி ஒரே இடத்துல உயிர் போற மாதிரி வலிக்காது வே. எலும்புதான். ஆறு வாரம் கால ஊனாம இருந்தா கூடிரும்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தேன். மனைவி பயந்துபோனாள். “எலும்பு ஒடிஞ்சதுக்கா சிரிக்கிய?” என்றாள். அங்கேயே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் பாதத்தை மெல்லத் தொட்டாள். “நான் என்னமோ என்னையப் பிடிக்கலன்னுல்லா நெனச்சேன்” என்று மட்டும் சொன்னாள். அந்த வார்த்தை வலித்த அளவுக்கு அவர் அழுத்தியதுகூட வலிக்கவில்லை.

மூங்கில் பட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். வேலை போய்விடும் என்று நினைத்தேன். ரன்னர்களை மேற்பார்க்கிற ஓவர்சியர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, “முதல்லயே சொன்னா பதிலி போட்டிருப்பேன்லா” என்று கடிந்துகொண்டார். பதிலியாக ஓடச் சீவலப்பேரி ரன்னர் தன் மச்சினரை அனுப்பினார். நான் ஊன்றி நடந்து, மெல்ல ஓடிப் பார்த்து, மறுபடி பையைத் தூக்கியபோது மாசி பிறந்திருந்தது. தங்கை கல்யாணம் தையிலேயே நல்லபடியாக முடிந்துவிட்டது. அன்றைக்கு நான் ஒரு காலில் நின்றபடிதான் சம்பந்தக்காரர்களை வரவேற்றேன். அவர்கள் எலும்புக்கு உளுந்தங்களி நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு பல வருஷம் ஓடினேன், அந்தப் பாதம் ஒருநாளும் படுத்தவில்லை. ஆனால் என்னைப் பற்றி அக்கறையாக ஒரு வார்த்தை கேட்டவரையும், கேட்கப் பயந்து ஒதுங்கி நின்றவளையும் நான் அந்த மூன்று வாரம் எப்படி நடத்தினேன் என்பதை நினைத்தால் மட்டும் இன்றும் மனது சுருக்கென்கிறது.