பன்னீர்செல்வம் அண்ணனின் நீலச் செருப்பு

எனக்கு வாய் நீளம் என்று ஜங்லிகாட் முழுக்கத் தெரியும். மூன்று ஸ்கூல் வேன் வைத்து நடத்துகிற பொம்பளைக்கு வாய் குட்டையாக இருந்தால் ஆகுமா? டீசல் போடுகிற இடத்தில் சண்டை, பர்மிட் ஆபீஸில் சண்டை, மாசக் கடைசியில் போனை எடுக்காத பெற்றோர்களோடு சண்டை. இப்படிப்பட்ட நளினி இருபது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாள் என்றால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அந்த இருபது நாளும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இப்போது சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

பன்னீர்செல்வம் அண்ணன் என் முதல் வேனின் டிரைவர். ஐம்பத்தாறு வயது. அவருடைய அப்பா ராமநாதபுரத்திலிருந்து ரோடு போடும் வேலைக்குக் கப்பல் ஏறி வந்தவர். அண்ணன் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தீவில்தான். மெயின்லாண்டுக்கு நாலே தடவை போயிருக்கிறார், நாலு தடவையும் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே. முதலில் லாரியில் கிளீனர், பிறகு டிக்லிப்பூர் வரைக்கும் லாரி, சுனாமிக்குப் பிறகு தண்ணீர் டேங்கர், அதற்கப்புறம் என் வேன். முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்பார். உண்மையில் ஒரு கோழி உண்டு. கேட்டால், அது ஃபெரார்கஞ்ச் கோழி, தப்பு அதன் மேல்தான் என்பார்.

காலையில் பத்துபஸ்தியில் அவர் போடும் சத்தத்தில்தான் பாதி வீடுகள் எழும். "ஏய் கார்த்திகா, ஜல்தி ஆவ்! பேக் பகடோ, குடை பகடோ, அம்மாவை விடு!" தமிழ்ப் பிள்ளை, பெங்காலிப் பிள்ளை, தெலுங்குப் பிள்ளை எல்லோருக்கும் இந்தியும் தமிழும் கலந்த இதே பாஷைதான். பிள்ளைகளும் அப்படியே திருப்பிப் பேசும்.

அவருக்கு ஒரு வழக்கம். செருப்புக் காலோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார மாட்டார். கதவண்டை கழற்றிவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஏறுவார். "வண்டிதாம்மா சோறு போடுது. சோத்துத் தட்டை செருப்புக் காலால மிதிப்பியா?" என்பார். இந்தப் பழக்கம் எங்கள் தமிழ் டிரைவர்கள் பாதிப் பேருக்கு உண்டு. முன்பெல்லாம் செருப்பை ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். ஆனால் இங்கே வருஷத்தில் எட்டு மாசம் மழை. பத்துபஸ்தியில் இரண்டு இடங்களில் இறங்கிப் பிள்ளைகளைச் சாக்கடைக்கு மேலே தூக்கி விடவேண்டும். அதனால் அந்த நீல ஹவாய் செருப்பும் கூடவே பயணம் பண்ணும், கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில்.

எங்கள் ஸ்கூல் வேன் சங்கத்தின் செக்ரட்டரி சிவஞானம் சார். நாலு வேனுக்குச் சொந்தக்காரர், ரூல் என்றால் உயிர். செருப்பு போட்டு ஓட்டுகிற டிரைவருக்குச் சங்கமே ஐந்நூறு ரூபாய் ஃபைன் போடவேண்டும் என்று இரண்டு வருஷமாகக் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தார். ஷூ, இல்லையென்றால் பின்னால் வார் வைத்த சான்டல், இந்த இரண்டுதான் போடலாமாம். அதை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்தது நான்தான். "ஏழு மணிக்கு ஊறின ஷூவை மறுநாள் ஏழு மணி வரைக்கும் யாரு காயவைக்கிறது? உங்க வீட்டுக் கொடியிலயா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பன்னீர் அண்ணன் எழுந்து நின்று, "நான் செருப்பே போடறதில்ல சார். வெறுங்கால்லதான் பிரேக்கு என்ன சொல்லுதுன்னு தெரியும்" என்றார். கைதட்டல். விஷயம் அதோடு முடிந்தது.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை ஏழே காலுக்கு அண்ணனிடமிருந்து போன். "நளினி... டெய்ரி ஃபார்ம் எறக்கம்... வண்டி செவுத்துல... நீ வா." அவ்வளவுதான் பேசினார். டெய்ரி ஃபார்ம் இறக்கத்துக்கு ஸ்கூட்டரில் நான் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. வேன் ரோட்டோரத் தடுப்புச் சுவரில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றது. அண்ணன் பிள்ளைகளை ஒவ்வொன்றாக எதிர்க்கடை வராந்தாவில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தார். பதினொரு பிள்ளைகள். பத்துப் பேருக்குச் சிராய்ப்பு. ஏழு வயசு கார்த்திகாவுக்கு மட்டும் இடது கை ஒடிந்து தொங்கியது.

டிரைவர் சீட் பக்கம் குனிந்து பார்த்தேன். நீலச் செருப்பு ஒன்று பிரேக் பெடலுக்கு அடியில் ஆப்பு வைத்தது போல நின்றது. இறக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய் நுழைந்திருக்கிறது. அவர் மிதித்திருக்கிறார், பெடல் இறங்கவில்லை. வேறொன்றும் இல்லை. நான் அதைப் பிடுங்கினேன். அதன் ஜோடியையும் எடுத்தேன். ரெயின்கோட்டுக்குள் செருகிக்கொண்டேன். நிமிர்ந்தால் எதிரே அண்ணன்.

"நளினி, அது..."

"வாயைத் திறக்காதீங்கண்ணே" என்றேன்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "பிரேக் ஃபெயிலா, பிரேக் ஃபெயிலா" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சனிக்கிழமைதான் வெங்கடேஷின் வொர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை பார்த்திருந்தோம். என் பாழாய்ப்போன வாய் அதைத்தான் சொன்னது. "சனிக்கிழமைதான் வெங்கடேஷ்கிட்ட பிரேக் மாத்தினேன்." பொய் இல்லை பாருங்கள், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த நிமிஷமே மொத்தப் பழியும் வெங்கடேஷ் தலையில் ஏறிவிட்டது. சுவரில் மோதியதில் பிரேக் குழாய் அறுந்து ஆயில் எல்லாம் கொட்டியிருந்ததால், வண்டியைச் சோதிக்க வந்த ஆபீஸரும் மோதுவதற்கு முன்னால் பிரேக் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது என எழுதிவிட்டுப் போனார்.

செருப்பை அன்று மாலையே படகுத்துறையில் நின்று கடலில் எறிந்தேன். ஏன் இதைச் செய்தேன் என்று கேட்பீர்கள். டிரைவர் செருப்பால் பிள்ளைக்குக் கை ஒடிந்தது என்று தெரிந்தால் ஸ்கூல் மூன்று வேனையும் நிறுத்தச் சொல்லிவிடும். அண்ணன் இந்த வயதில் கோர்ட் படி ஏறவேண்டும். அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னைத்தான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதை அடுத்த மூன்று வாரமும் கண்ணால் பார்த்தேன். வெங்கடேஷுக்கு முப்பத்திரண்டு வயது, மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் தகர ஷெட். எப்போதும் ஐந்தாறு வண்டி வாசலில் நிற்கும். அது மூன்றாகி, ஒன்றாகி, கடைசியில் அவனுடைய சொந்த பைக் மட்டும் நின்றது. பிள்ளைகளின் கையை ஒடித்த மெக்கானிக் என்று கடைக்கடையாகப் பேசினார்கள். அடுத்த கூட்டத்தில் சங்கத்தின் வொர்க்‌ஷாப் லிஸ்டிலிருந்து அவன் பேரை எடுப்பதாக சிவஞானம் சார் நோட்டீஸ் அனுப்பினார். எடுத்துவிட்டால் டாக்ஸிக்காரர்களும் போக மாட்டார்கள், ஷெட்டை மூடவேண்டியதுதான். அந்தப் பக்கம் போகவேண்டியிருந்தால் நான் ஸ்கூட்டரைச் சுற்று வழியில் ஓட்டினேன்.

பன்னீர் அண்ணனுக்கு என்னைவிட மோசம். வேலை இல்லாததால் நடந்துகொண்டே இருந்தார். காலையில் பத்துபஸ்தி, மத்தியானம் ஜங்லிகாட், எங்கே பார்த்தாலும் அவர்தான், குடையில்லாமல், வெறுங்காலோடு. தினமும் ஒரு தடவை என் கேட்டருகே வந்து நிற்பார்.

"நளினி, சொல்லிடுவோமா?"

"யார்கிட்ட சொல்றது? ஸ்கூல்லயா? போய் சொல்லுங்க. மத்த ரெண்டு டிரைவரும் நாளைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காரட்டும்."

"அந்தப் பய வெங்கடேஷ் நேத்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாம்மா. தொண்டையில எறங்கல."

"அப்ப டீ குடிக்காதீங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பி நடந்தார். அன்று நான் வீட்டைப் பெருக்கினேன், துடைத்தேன், மறுபடி பெருக்கினேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை! எனக்கு உடம்பே குறுகுறுத்தது.

கார்த்திகாவைப் பார்க்க அவர் போனதை அவளுடைய அம்மா சுசீலா சொல்லித்தான் தெரியும். மாவுக்கட்டு போட்ட கையோடு பிள்ளை படுத்திருந்ததாம். இவரைப் பார்த்ததும், "அங்கிள், உங்களுக்கும் அடி பட்டுச்சா? வலிக்குதா?" என்று கேட்டதாம். மனுஷர் வாங்கிப் போன ஆப்பிளைக் கட்டில் மேல் போட்டுவிட்டு ஓடியே போய்விட்டாராம். "பாவம்க்கா அவரு, பிரேக் புடிக்கலன்னா அவரு என்ன பண்ணுவாரு" என்றாள் சுசீலா. எனக்கு அங்கேயே நிற்க முடியவில்லை, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று புளுகிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். கோயில் மண்டபத்தின் மாடியில் முப்பது பேர். வெங்கடேஷும் வந்திருந்தான். உட்காராமல் பின்சுவரில் சாய்ந்து நின்றான். சிவஞானம் சார் மைக்கைத் தட்டினார். "மொதல் ஐட்டம், வெங்கடேஷ் வொர்க்‌ஷாப்பை லிஸ்ட்லேர்ந்து எடுக்கறது. ரெண்டாவது ஐட்டம், நம்ம பழைய செருப்பு ஃபைன்."

பன்னீர் அண்ணன் எழுந்தார். "ரெண்டாவதை மொதல்ல எடுங்க சார்."

"அரே பன்னீர் பாய், இந்த வருஷமும் அதே ஸ்பீச்சா?" என்று யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. அவர் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"ஃபைன் போடுங்க" என்றார். சிரிப்பு நின்றது. "ஆனா ரூலை சரியா எழுதுங்க. செருப்பு போட்டு ஓட்டறவனுக்கு மட்டும் ஃபைன்னு எழுதினா நான் தப்பிச்சிடுவேன். நான் போடல. கழட்டி வெச்சேன். கழட்டி வெச்ச செருப்புதான் பிரேக்குக்கு அடியில போச்சு. கால்ல என்ன இருக்குன்னு மட்டும் பாக்காதீங்க. காலுக்குப் பக்கத்துல என்ன கெடக்குன்னும் பாருங்க." ஒரு தடவை மூச்சு வாங்கினார். "வெங்கடேஷ் போட்ட பிரேக் நல்ல பிரேக். நான் மிதிச்சேன். செருப்பு விடல. அந்தப் புள்ளையோட கையை ஒடிச்சது நான்."

சிவஞானம் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னைக்கு நானே வண்டியைப் பார்த்தேனே பன்னீர். உள்ள செருப்பு இல்லையே?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் எடுத்து ஒளிச்சேன்" என்றார்.

சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து மேஜை மேல் வைத்தார். அதன் மேல் என் வேனின் சாவியை வைத்தார். "நளினிகிட்ட கொடுத்துடுங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது. புள்ளைங்க வண்டியை இனிமே நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். முப்பத்து நாலு வருஷம் ஓட்டிய மனுஷர். சோறு போடுகிற வண்டி என்று கண்ணில் ஒற்றிக்கொண்டவர். எனக்காக ஒரு பொய்யையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போனார்.

கை தூக்கச் சொன்னார்கள். ஃபைன் நிறைவேறியது, நானும் தூக்கினேன். வெங்கடேஷ் விஷயத்தை விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் போய் அவன் தோளைத் தட்டினார்கள். சாவி என் கைக்கு வந்தது. ஊரையே கத்தி அடக்குகிற நளினி அப்போதும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். த்தூ, என்ன பிறவியோ!

கூட்டம் கலைந்ததும் கீழே இறங்கினேன். வாசலில் வெங்கடேஷ் நின்றிருந்தான்.

"அக்கா, வண்டியை அனுப்புங்க. முன்பக்கத்தை நாலு நாள்ல முடிச்சுத் தரேன்."

"அனுப்பறேன்" என்றேன். நகர முடியவில்லை. "உனக்கு அண்ணன் மேல கோவம் இல்லையா?"

"அவரு மேல என்ன கோவம்? விபத்துக்கு மறுநாளே நான் வண்டியைப் பாத்துட்டேன்கா. பெடலுக்கு அடியில நீல ரப்பர் தேஞ்சு ஒட்டியிருந்துச்சு. நகத்தால சொரண்டி எடுத்தேன்."

"அடப்பாவி, தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கல?"

"நான் சொன்னா யாரு நம்புவா? தப்பிக்கறதுக்கு வயசானவரு மேல பழி போடறான்னு சொல்லுவாங்க." ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அவரு அந்த நேரத்துல புள்ளைங்களை இறக்கிக்கிட்டு இருந்தாரு. வண்டிக்குள்ள குனிஞ்சது நீங்கதான்னு எதிர்க்கடைக்காரரு சொன்னாரு. நீங்க யாருக்கும் பயப்படாத ஆளாச்சே. இன்னைக்கு சொல்லுவீங்க, நாளைக்கு சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்கா."

அவன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனான். நான் திரும்பி மாடிப்படி ஏறினேன். மேலே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் இன்னும் போகாமல் நின்று அண்ணனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சிவஞானம் சார் மைக்கைக் கழற்றி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மைக்கை மறுபடி மாட்டுங்க சார்" என்றேன்.