வலப்பக்கத்துப் பலகை

அத்தையும் மாமாவும் எனக்கு உறவு இல்லை. அரசாங்கம் கொடுத்த அத்தை, அரசாங்கம் கொடுத்த மாமா. எட்டு வயதில் என்னை ஒரு தறிக்கூடத்திலிருந்து அதிகாரிகள் கூட்டிவந்தார்கள். கொஞ்ச நாள் குழந்தைகள் இல்லத்தில் வைத்திருந்துவிட்டு, பிள்ளை இல்லாத இந்த இரண்டு பேரிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். வீடு பிள்ளையார்பாளையத்தில். வீட்டுக்குள் ஒரு தறி. தறியிலிருந்து மீட்ட பிள்ளையைத் தறிவீட்டிலேயே கொடுக்கலாமா என்று அதிகாரிகள் யோசித்தார்களாம். காஞ்சிபுரத்தில் தறிச்சத்தம் கேட்காத தெருவுக்கு நான் எங்கே போவேன் என்று மாமா கேட்டாராம். கடைசியில், என்னைத் தறிப்பக்கம் விடக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்க ஆபீசில் கூட்டம். பிள்ளை எப்படி இருக்கிறது, இங்கேயே இருக்கலாமா என்று பார்ப்பார்கள். அங்கே என்ன கேட்பார்கள் என்று அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் முதல் கூட்டத்துக்கு எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். என் கணக்கு நோட்டு, ஊசி போட்ட அட்டை, ஓட்டப்பந்தயத்தில் நான் வாங்கிய சோப்பு டப்பா, மாற்றுத்துணி இரண்டு.

“பொண்ணு பாக்கவா போறோம்? இம்மாம் சாமான் எதுக்கு?” என்றார் மாமா, பஸ்ஸில்.

“நீ சும்மா வாய்யா. கேட்டா எடுத்துக் குடுக்கணுமில்ல.”

நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. பழைய தறிக்கூடத்தில் கை வேகமுள்ள பிள்ளையை வைத்துக்கொள்வார்கள், மந்தமான பிள்ளையை அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் அதுதான். இந்த வீட்டிலோ எனக்கு ஒரு வேலையும் கிடையாது. துடைப்பத்தைத் தொட்டால்கூட அத்தை பிடுங்கிக்கொள்வாள். அப்படியானால் என்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

பிள்ளையைத் தனியாகக் கேட்பதுதான் அங்கே முறை. அவர்கள் இருவரையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவிலிருந்த மேடம்தான் பேசினார்.

“வீட்டுல வேலை எதுனா செய்யச் சொல்றாங்களாம்மா?”

“ஆமா மேடம். மாமா கோர்வைச் சேலை நெய்யறாரு. நான்தான் பக்கத்துல உக்காந்துக்கினு கரை நாடா தள்றேன். அத்தையவிட வேகமா தள்ளுவேன்.”

முழுப் பொய். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் பலகை போட்டு உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ளித் தரவேண்டும். மாமாவின் கோர்வைக்குத் தெருவிலேயே பெயர் உண்டு. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது அத்தை மட்டும்தான்.

மேடம் நிறைய எழுதினார். நான் சொன்னதை எழுதுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம்.

அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கேட்டார்கள். மாமா, “இன்னா மேடம் சொல்றீங்க, அதைத் தறிகிட்டவே விடறதில்ல, வந்து பாருங்க” என்றார். அத்தை மூட்டையை அவிழ்த்து நோட்டை நீட்டினாள். யாரும் வாங்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன், நல்லபடியாகச் சொல்லிவிட்டேன் என்று.

என் கையைத் திருப்பிப் பார்த்திருந்தால் போதும். பழைய காய்ப்பு எல்லாம் உதிர்ந்து பஞ்சு மாதிரி இருந்தது. காய்ப்பு இருந்தது நோட்டை நீட்டிய கையில். படித்தவர்கள் மூன்று பேர், ஒருவரும் பார்க்கவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. வேறொரு பிள்ளை அதையே உண்மையாகச் சொல்லியிருக்கும். தெரிந்தாலும் எனக்குக் கோபம் போகவில்லை.

அன்றைக்கு நான் வீட்டுக்குப் போகவில்லை. ஜீப்பில் இல்லத்துக்கு அனுப்பினார்கள். அத்தை மூட்டையை என் மடியில் வைத்தாள். மாற்றுத்துணி உதவியது.

இரண்டு மாதம். ஞாயிறு தவறாமல் இருவரும் வந்தார்கள். ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஒருநாளும் கேட்கவில்லை. “சோறு குழையாம வடிக்கறாங்களா?” என்று மட்டும் அத்தை கேட்பாள். அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், பக்கத்து வீடுகளில் விசாரித்தார்கள். பிறகு மறுபடி கூட்டம். இந்த முறை எல்லோரும் ஒரே அறையில்.

“இப்ப கோர்வைக்கு யாரு உக்கார்றாங்க?” என்றார் மேடம்.

“கோர்வையே இல்ல மேடம்,” என்றார் மாமா. “விட்டுட்டேன். ஒத்த ஆளு நெய்யற சேலைதான் ஓடிக்கினு இருக்குது. இனிமே எங்க வூட்ல பக்கத்துல உக்கார ஆளே வேணாம். எப்ப வேணா வந்து பாருங்க.”

மேடம் அதைக் கொஞ்ச நேரம் எழுதவில்லை. பிறகு எழுதினார். என்னை அவர்களோடு அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தறிப்பக்கம்தான் எட்டிப்பார்த்தேன். உடலும் கரையும் ஒரே நிறத்தில் ஒரு சேலை. வலப்பக்கத்துப் பலகையைக் காணோம். அதைச் சுவரில் தட்டாக ஆணியடித்திருந்தார்கள், மேலே என் நோட்டுகள்.

எனக்கு அழுகை வந்தது. என்றைக்காவது அந்த இடம் எனக்கு வரும், அப்போது என்னை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். அதையும் எடுத்துவிட்டாரே என்று மூன்று நாள் மாமாவோடு பேசவில்லை.

நாலாவது நாள் அவரே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னா பாப்பா, கூட்டத்துல மட்டும்தான் பேசுவியா?”