காற்றலைகளின் நடை பார்த்தவர்

செம்பட்டியில் பேருந்துக்காக நின்றிருந்தபோது ஸ்டெல்லா அவர்களின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "போயிட்டா சார். தூக்கத்துலயே" என்றார். வந்த பேருந்தில் நான் ஏறவில்லை.

ஸ்டெல்லா வானிலை ஆய்வாளர். திண்டுக்கல்லில் பிறந்து, வெளியூர்களில் வளிமண்டல அலைகளை ஆராய்ந்து, ஊர் திரும்பியவர். சுற்றுவட்டார விவசாயிகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வானிலை சொல்லும் எங்கள் சிறு குழுவைத் தொடங்கியவர். நான் அதில் அவருடன் பணியாற்றினேன்.

கடலைப் போலவே வானத்துக் காற்றிலும் அலைகள் உண்டு. பூமியைச் சுற்றிவரும் அந்தப் பேரலைகளோடு மழையும் வெயிலும் இடம் மாறுகின்றன. "பூமி சூடாகச் சூடாக அதுக நடை மாறுது. போக வேண்டிய மழை சில நேரம் நின்னுக்கிருது" என்பார்.

ஒருமுறை, மழை விலகிவிடும், வெங்காயம் பிடுங்கலாம் என்று சொன்னோம். மழை விலகவில்லை. காயப் போட்ட சின்ன வெங்காயம் வயலிலேயே அழுகியது. ஸ்டெல்லா என்னையும் அழைத்துக்கொண்டு பாண்டியம்மாள் என்ற விவசாயியின் வயலுக்குப் போனார்.

"நீங்க சொன்னீகன்னுதானே பிடுங்குனேன்" என்றார் பாண்டியம்மாள்.

"ஆமாக்கா. நான் சொன்னது தப்பாப் போச்சு. ஏன்னு பாத்துட்டு வாரேன்."

காலநிலை மாற்றத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு அவர் திரும்பியிருக்கலாம். மாறாக, மாதக்கணக்கில் உட்கார்ந்து, தொலைதூரக் கடல் சூடேறும்போது இங்கே மழை கொண்டுவரும் காற்றலை எப்படித் தங்கிப்போகிறது என்று தேடினார். அதன் பிறகு எங்கள் செய்தியில், எவ்வளவு உறுதி, எவ்வளவு சந்தேகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வைத்தார். நாங்கள் குழப்புகிறோம் என்று சில விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகினார்கள். பாண்டியம்மாள் இருந்தார்.

அடுத்த பருவத்தில், வெயில் கொளுத்திய ஒரு நாளில், "மழை வருது. வந்தா சீக்கிரம் போகாதுன்னு நினைக்கிறேன். முத்துன வெங்காயத்தை இப்பவே எடுத்து, நனையாம சேத்து வைக்கிற பட்டறையில ஏத்திருங்க" என்று சொல்லிவிட்டு, அன்று முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மழை வந்தது, வாரம் தாண்டியும் நின்றது. பாண்டியம்மாள் அழைத்தார்.

"வெங்காயம் நனையாம இருக்கு தாயி. நீ சாப்டியா?"

ஸ்டெல்லா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

நேற்று அடக்கம் முடிந்தது. இன்று காலைச் செய்தியை நான் பதிவு செய்து அனுப்பினேன். ஊர் ஊராகப் பதில்கள் வந்தன. சின்னாளப்பட்டியில் தூறல். காந்திகிராமத்தில் மேகமூட்டம். கடைசியாகப் பாண்டியம்மாள்: "இங்க மழை விட்டு வானம் வெளுத்திருச்சு. விதைக்கப் போறோம்."

போய் வாருங்கள், ஸ்டெல்லா. வானத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.