கவிழ்த்துப் போட்ட மூன்று ஆஸ்

அமாவாசை அன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்கு உறுதியான லீவு அது ஒன்றுதான். எழுபதுகளின் கடைசியில், அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் நாலு பேர் என் வீட்டுத் தறிக்கூடத்தில் மூணு சீட்டு ஆட உட்காருவோம். காசு வைக்க மாட்டோம். போலீஸ் பயம் பாதி, பெண்டாட்டி பயம் மீதி. புளியங்கொட்டைதான் பந்தயம். ஒரு கொட்டை தோற்றால், ஜெயித்தவன் வீட்டுப் பாவு வேலைக்கு ஒரு காலை போய் நிற்க வேண்டும். பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதுதான் பாவு வேலை. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் ஆள் நிறையத் தேவைப்படும்.

அந்த ஆடி அமாவாசையில் என் எதிரே உட்கார்ந்திருந்தவன் என் தங்கையின் புருஷன். தறியில் கெட்டிக்காரன், சீட்டில் மட்டும் புத்தி கிடையாது. மாதாமாதம் தோற்று, காலையெல்லாம் அடுத்தவன் பாவில் நின்றதில் அவன் தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியிலேயே கிடந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குள் கொடுக்காவிட்டால் தறியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று தறிக்குச் சொந்தக்காரரான முதலாளி சொல்லியிருந்தார். பழைய கொட்டைக் கடன் அப்போதுதான் தீர்ந்திருந்தது. மறுபடி தோற்காமல் இருந்தால் புடவையை முடித்துவிடலாம். "அவர ஆட உடாதண்ணா" என்று தங்கை என்னிடம் அழுதாள். நானும் சொல்லிப் பார்த்தேன். பயந்தாங்கொள்ளி என்று என்னைக் கிண்டல் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றும் ஆஸ். அந்த ஆட்டத்தில் அதற்கு மேல் சீட்டே கிடையாது. அத்தனை வருஷத்தில் எனக்கு ஒருமுறையும் வந்ததில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

மற்ற இருவரும் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டத்தை விட்டு விலகிவிட்டார்கள். அவன் போடவில்லை. நல்ல சீட்டு வந்தால் பீடியைப் பற்றவைக்க மறந்து உதட்டிலேயே வைத்திருப்பான். இப்போதும் அப்படித்தான் வைத்திருந்தான்.

என் சந்தோஷம் அதோடு போயிற்று. அள்ளி வைத்து மிரட்டலாம். ஆனால் கையில் ஒன்றுமில்லாதபோதுதான் நான் சத்தம் போட்டு அள்ளி வைப்பேன் என்று தெருவுக்கே தெரியும். நம்பாமல் கூடவே வருவான். ஜெயித்துவிட்டு, வேலைக்கு வராதே என்று சொன்னால்? கொட்டைக் கடனை எங்களில் யாரும் தள்ளுபடி செய்ததில்லை. அவன் ரோஷத்துக்கு அது செருப்படி. மூன்று ஆஸைக் கவிழ்த்துப் போடவும் மனசு வரவில்லை. மெதுவாகப் போவது என்று முடிவு செய்தேன். ஒரு கொட்டை, இன்னொரு கொட்டை, உடனே காட்டச் சொல்லிவிட்டால் நஷ்டம் சின்னதாக முடியும். பெரிய சீட்டை வைத்துக்கொண்டு பம்முகிறவன் எதிராளியைக் கவிழ்க்கத்தான் பம்முவான். நான் அவனைக் காப்பாற்றப் பம்மினேன்.

ஒரு கொட்டை வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. அதிலேதான் கெட்டது; மிரட்டக்கூடத் தெம்பில்லாத சீட்டு என்று நினைத்துவிட்டான்.

"இன்னா மச்சான், வாய மூடிகினு கீற? சீட்டு பேஜாரா?" என்றவன், தன் முன்னாலிருந்த கொட்டைகளை இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். ஆவணி பிறந்த பிறகும் தீராத காலைகள் அவை.

"வேணாம் மாப்ள, எடுத்துக்கோ" என்றேன்.

"வச்சது வச்சதுதான். வரியா, போறியா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வைத்துக் காட்டிவிடு, பட்டால்தான் திருந்துவான் என்று கை துடித்தது. உள்ளே, அமாவாசைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த தங்கை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மூன்று ஆஸையும் கவிழ்த்துப் போட்டேன்.

போட்ட சீட்டைப் புரட்டக் கூடாது என்பது எங்கள் ஆட்டத்தின் சட்டம். அவன் ஜெயித்த குஷியில், "இதுக்கா இம்மாம் நேரம் யோசிச்ச?" என்று சிரித்துக்கொண்டே புரட்டிவிட்டான்.

சிரிப்பு நின்றது. தன் சீட்டை அதன் பக்கத்தில் வைத்தான். இஸ்பேட்டில் வரிசையாக மூன்று; ஒரே மாதிரி மூன்று வருவதற்கு அடுத்தபடி அதுதான் பெரிய சீட்டு. அவன் அள்ளி வைத்ததிலும் தப்பில்லை.

"எனக்கு பிச்ச போட்டியா மச்சான்?" என்றான். கொட்டைகள் அத்தனையையும் என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் விடிந்தபோது எங்கள் பாவின் மறுமுனையில் நின்றுகொண்டிருந்தான். "போ மாப்ள, உன் தறியப் பாரு" என்று கெஞ்சினேன், திட்டினேன். காதில் வாங்காமல் கஞ்சியைத் தொட்டு இழையில் தடவிக்கொண்டிருந்தான். அத்தனை காலைக்கு என் வீட்டில் பாவும் இல்லை. இல்லாத நாளிலும் விடிந்ததும் வாசலில் வந்து உட்கார்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் எழுந்து போவான். இப்படியும் ஒரு வீம்பு உண்டா? அவன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

ஆவணியில் முதலாளியின் ஆட்கள் வந்து தறியைக் கழற்றி மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். அன்று காலையும் அவன் என் வாசலில்தான் இருந்தான். வண்டி எங்களைத் தாண்டிப் போகும்வரை பார்த்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"இன்னிக்கோட தீந்துது மச்சான்" என்றான்.