“சும்மாதான் இருக்காங்க” என்று நான் சொன்னது

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் மூட்டை தைக்கிற வேலை எனக்கு. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. போன ஆடி வரைக்கும் காலை ஆறு மணி ஜீப்பில் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தார். ஏலச்செடியில் காய் தரையை ஒட்டித்தான் பிடிக்கும். நாள் முழுக்கக் குத்தவைத்து உட்கார்ந்து எடுக்க வேண்டும். அந்த ஜீப்பில் அம்மாதான் மூத்தவர். எடை போடும்போது அவர் காய் யாருக்கும் குறைந்து இருந்ததில்லை என்று சொல்வார்கள்.

ஆடியில் ஒரு நாள் குளிக்கும்போது கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. அம்மா என் மனைவியிடம் சொல்ல, மனைவி என்னிடம் சொன்னாள். மார்பு என்ற சொல்லை அம்மாவும் நானும் இதுவரை ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. ‘அந்த எடம்’ என்போம். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, ஆவணியில் கட்டியை மட்டும் எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு என்ன வைத்தியம் என்பதில்தான் என்னால் தப்பு நடந்தது.

எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். அம்மா வீட்டில் என்ன செய்கிறார், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வாரா என்று கேட்டார். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் சொன்னது நான்.

“வேலைக்கெல்லாம் அனுப்புறதில்லைங்க. சும்மாதான் இருக்காங்க.”

யோசித்துச் சொன்னதில்லை. எழுபது வயதைத் தாண்டிய தாயைக் கூலிக்கு அனுப்புகிறான் என்றால் எங்கள் பக்கம் மகனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். அன்றும் அது தானாக வாயில் வந்துவிட்டது. படி ஏறுவாரா என்று கேட்டதற்கும், மெதுவாக ஏறுவார் என்று சொல்லிவைத்தேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறத்தியார் முன்னால் என்னை மறுத்துப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இந்த வயதில், இந்த உடம்புக்கு மாத்திரை மட்டும் போதும், கரண்டு வைக்கத் தினமும் அலைய வேண்டாம் என்றார். கதிர்வீச்சு வைத்தியத்தை எங்கள் பக்கம் கரண்டு வைப்பது என்போம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

திரும்பி வரும்போது பஸ் ஆண்டிபட்டியைத் தாண்டியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“ஏன்டா அப்பு, நான் சும்மாவா இருக்கேன்?”

பேச்சுக்குச் சொன்னேன் என்றேன்.

“நீ பேச்சுக்குச் சொன்னத அந்தம்மா நெசமுன்னு எழுதிருச்சுல்ல.”

அந்த மாத்திரையை அம்மா தொடவில்லை. அட்டை பிரிக்காமல் அலமாரியில் இருந்தது. டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லி, மறுபடி கேட்ட பிறகுதான் எந்த வைத்தியமும் என்று சொல்லிவிட்டார். நாள் போகப் போக எனக்குப் பயமாக இருந்தது. அந்த வாரம் ஜீப்பில் வரும் பெண்கள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். அதில் ஒருத்தி வாசலில் என்னை நிறுத்தினாள்.

“என்னண்ணே, எங்க அக்கா படி ஏற மாட்டாத கெழவியாம்ல? எஸ்டேட்டுல நாங்க மூச்சு வாங்கி நிப்போம், அவுக மேட்டு மேல நின்னு வெரசா வாங்கடிம்பாக.”

மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

உள்ளே போனதும் அம்மா என்னைப் பார்த்து, “நீ சொன்னத நீயே மாத்திச் சொல்லு” என்றார். மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டே, அம்மா மலைக்குப் போய்க் காய் எடுக்கிறவர், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். டாக்டரம்மா கோபப்படவில்லை. அம்மாவை நடக்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இந்தத் தடவை அம்மாவிடமே பேசினார்.

மாத்திரை எப்படியும் உண்டு, ஐந்து வருஷம். அதனால் சிலருக்கு மூட்டு வலி வரும். அதோடு மூன்று வாரம் கரண்டும் வைத்தால் அதே இடத்தில் நோய் திரும்ப வருவது குறையும். ஆனால் வைப்பதாலோ வைக்காமல் விடுவதாலோ ஆயுசில் பெரிய வித்தியாசம் இருக்காது. அம்மாவின் உடம்பு இரண்டையும் தாங்கும். முடிவு அம்மாவுடையது.

மாத்திரையே போதும் என்று நான் மெல்லச் சொன்னேன். அம்மா காதில் வாங்கவில்லை.

“மாத்திரையப் பாதியில நிறுத்துனா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

“நிறுத்தக் கூடாதும்மா. ஒருவேளை நிறுத்த வேண்டி வந்தா, கரண்டு வச்சிருக்கிறது ஒரு பாதுகாப்பு.”

அம்மா விரல்களை நீட்டி மடக்கிப் பார்த்தார்.

“எனக்குக் குத்தவச்சுப் பாக்குற சோலி, டாக்டரம்மா. முட்டி வலிச்சா மாத்திரைய விட்டாலும் விட்டுருவேன். எனக்கு என்னையத் தெரியும். கரண்டையும் வச்சிருங்க.”

ஐப்பசியில் மூன்று வாரமும் விடியற்காலைப் பஸ்ஸில் மதுரைக்குப் போய் வந்தோம். ஞாயிறும் தீபாவளியும் தவிர. கடைசி வாரம் அந்த இடத்தில் தோல் கறுத்துவிட்டது என்று மனைவி சொன்னாள். பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. முழங்கால் வலி வந்துவிட்டது. மாத்திரையை இதுவரை விடவில்லை. வலியைப் பற்றி அடுத்த தடவை போகும்போது சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவும் தேவைப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்டதற்கு, நான்தானே கேட்டு வாங்கினேன், உனக்கு என்ன என்றார்.

கார்த்திகை இருபத்து நான்காம் தேதி, புதன்கிழமை.